கலிபோர்னியாவில் வேலை போனால்: இ.டி.டி. ஆன்லைன் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சன்னிவேல், ஃப்ரீமாண்ட், சான் ரமோன் பக்கம் ஏதாவது ஒரு பெரிய கம்பெனி ஆட்குறைப்பு செய்தால் போதும், அன்று சாயங்காலமே தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்விகள் வரிசையாக வந்து விழும். பதில் சொல்கிறவர்களில் சிலர் டெக்சாஸ் விதியைச் சொல்வார்கள், சிலர் கொரோனா காலத்தில் கிடைத்த கூடுதல் பணத்தை இன்னும் கிடைப்பதாக நினைத்துச் சொல்வார்கள். இங்கே எழுதியிருப்பது கலிபோர்னியாவுக்கு மட்டும். மற்ற மாநிலங்களில் தொகையும் வேறு, வாரக் கணக்கும் வேறு. ஃப்ளோரிடாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 275 டாலர்தான்.

இ.டி.டி. என்பது என்ன? இந்தப் பணத்தை வாங்குவது அரசு உதவியில் வாழ்வது மாதிரி ஆகாதா?

கலிபோர்னியா மாநிலத்தின் வேலைவாய்ப்புத் துறையைத்தான் எல்லோரும் இ.டி.டி. என்கிறார்கள். வேலையில்லாக் காப்பீடு, உடல்நலமின்மைக் காப்பீடு, குடும்ப விடுப்புக் காப்பீடு மூன்றையும் அதுதான் நடத்துகிறது.

இது தானம் இல்லை, காப்பீடு. 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலமும் நடத்தும் திட்டம். கலிபோர்னியாவில் ஒவ்வொரு ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தில் முதல் 7,000 டாலர் மீது கம்பெனி இதற்காக வரி கட்டுகிறது. உங்கள் சம்பளச் சீட்டில் எஸ்.டி.ஐ. என்று பிடிப்பார்களே, அது இதற்கு அல்ல. அது உடல்நலமின்மைக் காப்பீட்டுக்கு. ஆக, உங்களை வைத்துக் கட்டிய பிரீமியம் ஏற்கனவே கட்டியாயிற்று. நம் ஆட்களில் நல்ல சம்பளம் வாங்கியவர்கள் பலர் கௌரவம் பார்த்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். எனக்கு அது வீண் பிடிவாதமாகத்தான் தெரிகிறது.

யாருக்குக் கிடைக்கும்?

உங்கள் தவறு இல்லாமல் வேலை போயிருக்க வேண்டும், அல்லது வேலை நேரம் குறைக்கப்பட்டிருக்க வேண்டும். வேலை செய்ய உடல் தகுதியும் சட்ட அனுமதியும் இருக்க வேண்டும். வேலை தேடிக்கொண்டும், வந்தால் ஏற்கத் தயாராகவும் இருக்க வேண்டும். லே-ஆஃப் என்றால் முதல் நிபந்தனையில் சிக்கல் வராது. நீங்களே ராஜினாமா செய்திருந்தால் நியாயமான காரணம் இருந்ததா என்று கேட்பார்கள். வேலையை விட்டு நீக்கினார்கள் என்றால், உங்கள் நடத்தைதான் காரணமா என்று இரண்டு தரப்பையும் விசாரிப்பார்கள். 'வேலைத்திறன் போதவில்லை' என்று நீக்கியது வேறு, வேண்டுமென்றே விதியை மீறியது வேறு. முன்னதற்குப் பொதுவாகப் பணம் கிடைக்கும்.

சம்பளம் எவ்வளவு வாங்கியிருக்க வேண்டும்? எவ்வளவு கிடைக்கும்?

வாரத்துக்குக் குறைந்தது 40 டாலர், அதிகபட்சம் 450 டாலர். இந்த 450 என்பது 2005-இலிருந்து ஏறவே இல்லை. சான் ஹோசேயில் அந்தப் பணத்தில் வாடகைகூட வராது என்று நீங்கள் புலம்பினால், நானும் சேர்ந்து புலம்புவேன்.

கணக்கு இப்படி. நீங்கள் விண்ணப்பிக்கும் தேதிக்கு முன் முடிந்த ஐந்து காலாண்டுகளை எடுத்துக்கொண்டு, அதில் கடைசியாக முடிந்த ஒன்றை விட்டுவிடுவார்கள். மீதி நான்கும்தான் அடிப்படைக் காலம். ஆகஸ்டில் விண்ணப்பித்தால், அந்த ஆண்டு மார்ச் 31-இல் முடிந்த பன்னிரண்டு மாதங்கள். அந்த நான்கில் எந்தக் காலாண்டில் சம்பளம் அதிகமோ அதை வைத்து வாரத் தொகை. அந்தக் காலாண்டில் 11,674 டாலருக்கு மேல் வாங்கியிருந்தால் நேராக 450. ஐ.டி. வேலையில் முழுநேரமாக இருந்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

தகுதி பெற, அந்த அதிகபட்சக் காலாண்டில் 1,300 டாலராவது சம்பாதித்திருக்க வேண்டும். அல்லது அதில் 900 டாலராவது இருந்து, நான்கு காலாண்டுகளின் மொத்தம் அதைப் போல் ஒன்றேகால் மடங்கு இருக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்து இந்தக் கணக்குக்குள் வராதவர்களுக்குக் கடைசி நான்கு காலாண்டுகளை எடுத்துப் பார்க்கும் மாற்று வழியும் உண்டு.

சாதாரண நாட்களில் அதிகபட்சம் 26 வாரம். அதாவது முழுத் தொகைக்காரருக்கு மொத்தம் 11,700 டாலர்.

வேலை போகும்போது கம்பெனி கொடுக்கும் செவரன்ஸ் பணம் வருகிறதே. அது தீர்ந்த பிறகு விண்ணப்பிக்கலாமா?

வேண்டாம். வேலை போன அந்த வாரமே விண்ணப்பியுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் க்ளெய்ம் தொடங்கும். போன வாரங்களை நீங்களாகப் பின்தேதியிட முடியாது. தக்க காரணம் காட்டிக் கேட்கலாம், ஆனால் 'விவரம் தெரியவில்லை' என்பது எடுபடும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

கலிபோர்னியாவில் செவரன்ஸ் பொதுவாகச் சம்பளமாகக் கருதப்படுவதில்லை. அதனால் வாரத் தொகையிலும் கழிக்க மாட்டார்கள். முன்னறிவிப்புக்குப் பதிலாகக் கொடுக்கும் சம்பளம் அப்படி அல்ல, அது கழிபடும். இரண்டும் ஒரே காகிதத்தில் ஒரே தொகையாக எழுதியிருந்தால், கம்பெனியின் கடிதத்தில் எதற்கு எந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விண்ணப்பத்தில் கேட்கும்போது எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிவிடுங்கள். எது கழியும், எது கழியாது என்று முடிவு செய்வது அவர்கள் வேலை.

இன்னொன்று: வேலை நேரம் இல்லாவிட்டாலும் இரண்டு மாதம் சம்பளப் பட்டியலில் வைத்திருக்கிறோம் என்று கம்பெனி சொன்னால், உங்கள் கடைசி நாள் எது என்பதைக் கடிதத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அந்தத் தேதியும் கம்பெனி சொல்லும் தேதியும் ஒத்துப்போக வேண்டும்.

ஆன்லைனில் எங்கே போக வேண்டும்? மைஇடிடி, யூஐ ஆன்லைன், ஐடி.மீ என்று மூன்று பெயர் சொல்கிறார்கள்.

மூன்றும் வேறு வேறு. மைஇடிடி என்பது வாசல். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்து முதலில் அங்கே ஒரு கணக்கு திறக்க வேண்டும். ஐடி.மீ என்பது நீங்கள் நீங்கள்தானா என்று சரிபார்க்கும் தனியார் சேவை. அதற்குத் தனிக் கடவுச்சொல். யூஐ ஆன்லைன் என்பது உள்ளே இருக்கும் வேலையில்லாக் காப்பீட்டுப் பகுதி. விண்ணப்பம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்டிஃபிகேஷன், பண விவரம் எல்லாம் அங்கேதான். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் மைஇடிடி கடவுச்சொல்லை ஐடி.மீ பக்கத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு திறக்கும்போது கம்பெனி மின்னஞ்சலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். லே-ஆஃப் அறிவிப்பு வந்த அன்று இன்னும் லேப்டாப் திறந்திருக்கிறதே என்று அவசரத்தில் அதையே கொடுத்துவிடுவார்கள். மறுநாள் அது மூடிவிடும், சரிபார்ப்புக் குறியீடு எங்கேயோ போகும். போன் எண்ணும் அப்படித்தான். கம்பெனி கட்டணம் கட்டும் எண்ணாக இருந்தால், உங்கள் சொந்த எண்ணுக்கு மாற்றிய பிறகு தொடங்குங்கள்.

தளத்தின் முகவரி சிஏ.கவ் என்று முடிகிறதா என்று பாருங்கள். தேடுபொறியில் மேலே விளம்பரமாக வரும் தளங்களில் போய் விவரம் நிரப்பாதீர்கள். விண்ணப்பிக்கக் காசு கிடையாது.

ஐடி.மீ சரிபார்ப்பில் என் பெயர் ஒத்துப்போகவில்லை என்கிறது. என்ன செய்வது?

தமிழர்களுக்கு மட்டும் என்றே வந்த பிரச்சினை இது. நம் பெயரில் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து உண்டு. இந்த நாட்டுப் படிவங்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. அங்கே தொடங்குகிறது தலைவலி.

ஒரு உதாரணம். முருகேசன் மகன் செந்தில்குமார். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்ப் பெட்டி காலி. கொடுத்த பெயர் 'செந்தில்குமார் முருகேசன்'. அந்தக் காலியைப் பார்த்து விசாவில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்துவிடுவார்கள். டிரைவிங் லைசென்ஸில் அதே எஃப்.என்.யூ. முதல் பெயராக உட்கார்ந்துகொள்ளும். சோஷியல் செக்யூரிட்டி அட்டை எடுத்தபோது முருகேசன் கடைசிப் பெயர் ஆகியிருப்பார். கம்பெனி சம்பளச் சீட்டில் 'செந்தில்குமார் எம்'. மனிதர் ஒருவர், காகிதத்தில் நான்கு பேர்.

இ.டி.டி. உங்கள் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் மூன்றையும் மத்திய அரசின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதனால் விண்ணப்பத்தில் பெயரை சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே, அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். வேறு பெயரில் வேலை செய்ததுண்டா என்று கேட்கும் இடத்தில் சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரையும், எஃப்.என்.யூ. வடிவத்தையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால் கம்பெனி கட்டிய சம்பள விவரம் உங்கள் க்ளெய்மோடு சேராமல் போகக்கூடும். தொகை பூஜ்யம் என்றோ பாதி என்றோ கடிதம் வரும்.

ஐடி.மீ-யில் போன் கேமராவில் லைசென்ஸ் அல்லது பாஸ்போர்ட்டைப் படமெடுத்து, முகத்தையும் காட்டச் சொல்லும். அது இரண்டு முறை தோற்றால் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். அதே தளத்தில் ஒரு ஆளோடு வீடியோவில் பேசிச் சரிபார்க்கும் வழி இருக்கிறது. அசல் ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அந்த ஆளிடம் 'என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லை, அதனால் எஃப்.என்.யூ. என்று வருகிறது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தியப் பெயர்கள் அவர்களுக்குப் புதிதல்ல. வரித்துறைக்காக ஏற்கனவே ஐடி.மீ கணக்கு இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இரண்டாவதாக ஒன்று திறக்கப் போனால் அதுவும் சிக்கும்.

இந்தச் சரிபார்ப்பை 2020 அக்டோபரில்தான் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு சிறையில் இருந்தவர்கள் பெயரில்கூடக் க்ளெய்ம் போட்டுப் பணம் எடுத்தார்கள். மோசடியில் போனது சுமார் 2,000 கோடி டாலர் என்று மாநிலமே பின்னால் சொன்னது. அந்தச் சூடு பட்ட பிறகு இவ்வளவு கெடுபிடி.

10 இலக்க இ.டி.டி. எண் என்று கேட்கிறதே, அது எங்கே கிடைக்கும்?

க்ளெய்ம் போட்ட பிறகு தபாலில் வரும். பத்து நாள் வரை ஆகலாம். போனிலோ காகிதத்திலோ விண்ணப்பித்தவர்கள் கணக்கை யூஐ ஆன்லைனோடு இணைக்க அந்த எண் வேண்டும். தொலைத்துவிடாதீர்கள். விண்ணப்பத்தில் அபார்ட்மெண்ட் எண் எழுத மறந்தால் கடிதம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தபாலில் நிறையக் கடிதங்கள் வருகின்றன. எது முக்கியம்?

டிஇ 429இசட் என்பது தொகை அறிவிப்பு. அதில் காலாண்டு வாரியாக உங்கள் சம்பளம் அச்சாகியிருக்கும். ஒரு கம்பெனி விடுபட்டிருந்தாலோ, எண் தவறாக இருந்தாலோ உடனே எழுதிக் கேளுங்கள். இதில் 450 என்று போட்டிருப்பது, தகுதி இருந்தால் இவ்வளவு கிடைக்கும் என்ற கணக்குதான். பணம் உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

டிஇ 1101 என்பது நீங்கள் கொடுத்த விவரங்களின் நகல். தவறு இருந்தால் பத்து நாளுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். கடைசிக் கம்பெனிக்கும் இதே போல் ஒரு கடிதம் போகும். நீங்கள் சொன்ன காரணத்தை அவர்கள் மறுக்கலாம். டிஇ 4800 வந்தால் போனில் பேட்டி என்று பொருள். அந்த நேரத்தில் தெரியாத எண்ணாக இருந்தாலும் எடுங்கள்.

சர்டிஃபை செய்வது என்றால் என்ன? ஒருமுறை விண்ணப்பித்தால் போதாதா?

போதாது. இந்தக் கணக்கில் பணம் நின்றுபோகும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள்ளே போய், கடந்த இரண்டு வாரங்களுக்கும் தனித்தனியாக ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாரம் என்பது ஞாயிறு முதல் சனி வரை.

கேள்விகள்: உடல்நலமில்லாமலோ காயத்தாலோ வேலை செய்ய முடியாமல் இருந்தீர்களா? வேறு காரணத்தால் முழுநேர வேலையை ஏற்க முடியாத நாள் இருந்ததா? வேலை தேடினீர்களா? வந்த வேலையை மறுத்தீர்களா? பள்ளி அல்லது பயிற்சியில் சேர்ந்தீர்களா? ஏதாவது வேலை செய்தீர்களா, பணம் சம்பாதித்தீர்களா, கைக்கு வந்தாலும் வராவிட்டாலும்?

முதல் இரண்டையும் வேகமாகப் படித்து 'ஆம்' என்று தட்டிவிடுகிறவர்கள் அதிகம். 'நான் வேலைக்குத் தயார்தானே' என்ற எண்ணத்தில் ஆம் என்கிறார்கள். கேள்வியோ தயாராக இல்லாத நாள் உண்டா என்பது. ஒரு தவறான ஆம் போதும், பேட்டிக்குத் தேதி கொடுத்துப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படியுங்கள். அனுப்பும் முன் வரும் சுருக்கப் பக்கத்தையும் பாருங்கள்.

இரண்டாவது வாரம் முடிந்த பதினான்கு நாளுக்குள் செய்துவிட வேண்டும். இணையம் வேலை செய்யாத அன்று டெலி-செர்ட் என்ற தானியங்கிப் போன் வசதி உண்டு.

முதல் முறை ஒரு வாரத்துக்கு மட்டும்தான் பணம் வந்தது. தவறா?

இல்லை. முதல் வாரம் காத்திருப்பு வாரம், அதற்குப் பணம் கிடையாது. ஆனால் அதற்கும் சர்டிஃபை செய்தால்தான் அது கழிந்ததாகக் கணக்கு.

கணக்கில் 'பெண்டிங்' என்றே காட்டுகிறது. சர்டிஃபை செய்வதை நிறுத்தி வைக்கலாமா?

கூடவே கூடாது. பெண்டிங் என்றால் ஏதோ ஒன்றை யாரோ ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று பொருள்: அடையாளம், குடியேற்ற நிலை, வேலை போன காரணம், அல்லது உங்கள் பதில்களில் ஒன்று. முடிவு உங்கள் பக்கம் வந்தால், சர்டிஃபை செய்த வாரங்களுக்கு மொத்தமாகப் பணம் வரும். செய்யாத வாரங்களுக்கு வராது. புதிய க்ளெய்மைப் பரிசீலிக்க மூன்று வாரமாவது ஆகும் என்று இ.டி.டி.யே சொல்கிறது, அதற்குள் பதற வேண்டாம். அதற்கு மேல் போனால் கணக்கின் உள்ளிருந்தே கேள்வி அனுப்பலாம், அல்லது 1-800-300-5616-ஐக் கூப்பிடலாம். காலை 8 மணிக்குத் திறந்ததும் கூப்பிடுவது உத்தமம். தமிழில் பேச வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

வார இறுதியில் சின்னதாக வேலை செய்து சம்பாதித்தேன். சொல்ல வேண்டுமா?

வேண்டும். தெரிந்தவர் கடையில் நின்றது, ஊபர் ஓட்டியது, பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது எல்லாம் இதில் சேரும். பணம் எப்போது வந்தது என்பது கணக்கில்லை. எந்த வாரத்தில் வேலை செய்தீர்களோ அந்த வாரத்தில், வரிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகையைக் காட்ட வேண்டும்.

சொன்னால் முழுவதும் போய்விடாது. 100 டாலர் வரை என்றால் முதல் 25 டாலரைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் என்றால் கால்பங்கை விட்டுவிடுவார்கள். வாரத் தொகை 450, நீங்கள் சம்பாதித்தது 200 என்றால், 50-ஐ விட்டு மீதி 150-ஐக் கழித்து 300 தருவார்கள். ஆக அந்த வாரம் கையில் 500. கழிந்த 150 தொலைந்தும் போகாது. உங்கள் மொத்த இருப்பிலேயே இருக்கும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மறைத்தால் என்ன ஆகும்? கம்பெனிகள் காலாண்டுதோறும் சம்பள விவரம் அனுப்புகின்றன, புதிதாகச் சேர்ந்தவர்கள் பட்டியலையும் அனுப்புகின்றன. இரண்டும் உங்கள் எண்ணோடு ஒப்பிடப்படும். மோசடி என்று முடிவானால் வாங்கியதைத் திருப்பிக் கட்டி, மேலே 30 சதவீதம் அபராதமும் கட்ட வேண்டும். 5 முதல் 23 வாரம் வரை பணமும் நிறுத்தப்படும். தெரியாமல் நடந்த தவறு என்றால் அபராதம் இல்லை. திருப்பிக் கட்டினால் குடும்பம் தத்தளிக்கும் என்று காட்டினால் தள்ளுபடியும் கேட்கலாம்.

வேலை தேடியதற்கு ஆதாரம் வேண்டுமா?

வேண்டும் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். தேதி, கம்பெனி, வேலையின் பெயர், எப்படி விண்ணப்பித்தீர்கள் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால் போதும். கால்ஜாப்ஸ் என்ற மாநில வேலைத்தளத்தில் க்ளெய்ம் போட்ட 21 நாளுக்குள் பதிவு செய்து ரெஸ்யூமேவையும் ஏற்ற வேண்டும். அங்கே நமக்கு வேலை கிடைக்குமா என்பது வேறு விஷயம், ஏற்றுவது கட்டாயம்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். விண்ணப்பிக்கலாமா?

இதில் நேர்மையான பதில் கொஞ்சம் கசப்பானது. எச்-1பி ஒரு கம்பெனியோடு கட்டிய அனுமதி. அந்த வேலை போனால், வேறு கம்பெனி மனு போடும்வரை யாரிடமும் போய் வேலை செய்ய உங்களுக்கு அனுமதியில்லை. வேலையில்லாக் காப்பீடோ, அந்த வாரம் வேலை வந்தால் ஏற்கும் நிலையில் இருக்கிறீர்களா என்று கேட்கிறது. இந்த இரண்டும் மோதுவதால் எச்-1பிகாரர்களின் க்ளெய்ம் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. விண்ணப்பிப்பது குற்றமில்லை, விசா நிலையை உள்ளபடி எழுதி, முடிவை அவர்களிடம் விடலாம். விண்ணப்பத்தில் கொடுக்கும் ஆவண எண்ணை இ.டி.டி. குடியேற்றத் துறையின் சேவ் என்ற முறை வழியாகச் சரிபார்க்கும், அதனால் வேறு மாதிரி எழுதிப் பயனில்லை.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், எச்-1பிகாரரின் கணவனோ மனைவியோ வாங்கும் எச்-4 ஈ.ஏ.டி. (வேலை அனுமதி) அல்லது கிரீன் கார்டு மனுவின் மேல் வாங்கிய ஈ.ஏ.டி. அட்டை உள்ளவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. அவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். அட்டை காலாவதியாகும் தேதியை மட்டும் கவனியுங்கள்.

எச்-1பிகாரர்களுக்கு இதைவிட அவசரம் 60 நாள் கெடு. 2017 ஜனவரியில் வந்த விதி அது: வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள், நாட்டில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். பொதுவாகச் சம்பளம் கொடுத்த கடைசி நாளிலிருந்து எண்ணுகிறார்கள். செவரன்ஸ் கிடைப்பதோ, இ.டி.டி. க்ளெய்ம் நடப்பதோ அந்தக் கெடுவை நீட்டாது. குடியேற்ற வக்கீலிடம் பேசுவதற்கு முதல் வாரமே சரியான வாரம்.

இந்தப் பணம் வாங்கினால் கிரீன் கார்டு பாதிக்குமா?

இல்லை. அரசுக்குச் சுமையாவாரா என்று பார்க்கும் பப்ளிக் சார்ஜ் சோதனையில் வேலையில்லாக் காப்பீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அது உழைத்துச் சம்பாதித்த காப்பீடு.

வேலைதான் இல்லையே, ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வரலாமா? அங்கிருந்தே சர்டிஃபை செய்தால் போகிறது.

போய் வாருங்கள், ஆனால் அந்த வாரங்களுக்குப் பணம் கேட்காதீர்கள். மதுரையில் இருக்கும்போது சான்டா கிளாராவில் நாளைக்கே வேலைக்கு வா என்றால் உங்களால் போக முடியாது. இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் 'ஆம், முடியாத நாட்கள் இருந்தன' என்பதுதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போனாலும் இதே பதில்தான், வருத்தமாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து உள்ளே நுழைந்து 'இங்கேதான் இருக்கிறேன்' என்கிற மாதிரி பதில் சொல்வது, மோசடி என்று எழுத அவர்களுக்கு நாமே பேனா எடுத்துக் கொடுப்பது. திரும்பி வந்ததும் க்ளெய்மை ரீஓப்பன் செய்துகொள்ளலாம். எடுக்காத வாரங்களின் பணம் இருப்பில் இருக்கும், அந்த க்ளெய்ம் ஆண்டு முடிவதற்குள் வந்துவிட்டால்.

பணம் எப்படி வரும்?

வங்கிக் கணக்கில் நேரடியாகவோ, டெபிட் கார்டிலோ, காசோலையாகவோ. கார்டை முன்பு பேங்க் ஆஃப் அமெரிக்கா கொடுத்தது. 2024 பிப்ரவரியிலிருந்து மணி நெட்வொர்க். வங்கியின் சின்னம் இல்லாத சாதாரண உறையில் வருவதால் விளம்பரத் தபால் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் விண்ணப்பிக்காமலே கார்டோ கடிதமோ வந்தால், யாரோ உங்கள் எண்ணில் க்ளெய்ம் போட்டிருக்கிறார்கள். கார்டைச் செயல்படுத்தாமல் உடனே இ.டி.டி. தளத்தில் மோசடிப் புகார் கொடுங்கள்.

'தகுதி இல்லை' என்று கடிதம் வந்துவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. கடிதத்தில் அச்சிட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கூடவே வரும் படிவத்தில் 'இந்த முடிவை ஏற்கவில்லை' என்று காரணம் எழுதி அனுப்பினாலே போதும், ஆன்லைனிலும் செய்யலாம். பிறகு இ.டி.டி.க்கு வெளியே இருக்கும் மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதி ஒருவர் கேட்பார், பல நேரம் போனிலேயே. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி சொன்ன காரணம் தவறு என்றால், லே-ஆஃப் கடிதம், மேலாளர் அனுப்பிய மின்னஞ்சல், வேலைத்திறன் மதிப்பீடு என்று காகிதமாகக் காட்டுங்கள். கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு இவை கிடைக்காது என்பதால், உங்களுக்கென்று கொடுத்த கடிதங்களின் நகலை முதல் நாளே எடுத்து வையுங்கள்.

முறையீடு நடக்கும் மாதங்களிலும் சர்டிஃபை செய்துகொண்டே இருக்க வேண்டும். வழக்கில் ஜெயித்து, சர்டிஃபை செய்யாததால் பணம் வராமல் போவது மாதிரி எரிச்சல் வேறில்லை.

வரி உண்டா?

மத்திய அரசுக்கு உண்டு, கலிபோர்னியாவுக்கு இல்லை. விண்ணப்பிக்கும்போதே 10 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். கணவன் மனைவி இருவரில் ஒருவர் இன்னும் முழுச் சம்பளம் வாங்கும் வீட்டில் பிடிக்கச் சொல்வதே நல்லது. இல்லாவிட்டால் ஏப்ரலில் கையைக் கடிக்கும்.

வேலை கிடைத்துவிட்டது. கணக்கை மூட வேண்டுமா?

மூட வேண்டாம். சேர்ந்த வாரத்தில் நடுவில் வேலை தொடங்கியிருந்தால் அந்த வாரத்துச் சம்பளத்தைக் காட்டிக் கடைசியாக ஒருமுறை சர்டிஃபை செய்யுங்கள். முதல் சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அதன் பிறகு செய்யாமல் விட்டால் க்ளெய்ம் தானாக ஓய்ந்துவிடும். அதே ஆண்டுக்குள் மறுபடியும் வேலை போனால், புதிதாகப் போடாமல் பழையதையே ரீஓப்பன் செய்யலாம். மைஇடிடி கடவுச்சொல்லை மறக்காமல் எழுதி வையுங்கள்: ஜனவரி கடைசியில் வரிக் கணக்குக்கான 1099-ஜி படிவம் அங்கேதான் வரும், அதற்குள் வீடு மாறியிருந்தால் தபாலை நம்ப முடியாது.